பேசாத கட்டை

கோல சிலாங்கூர் காலணிக் கடையில் புதுச் சப்பாத்தின் ரப்பர் வாடை அடித்ததும், இன்று இல்லாத எங்கள் ரப்பர் தோட்டத்து மாதா கோயில் ஆர்மோனியம் நினைவுக்கு வந்தது. அதன் துருத்தியின் கிழிசலில் ரப்பர் ஷீட் ஒட்டியிருந்தார்கள். ஒரு கட்டை மட்டும் பேசாது, அந்தச் சுரத்தை வாயால் பாடி நிரப்புவேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் நான் எடுத்த இசைப் பாடத்துக்கு அதில்தான் பழகினேன். தேர்வில் தவறினால் அம்மாவோடு ரப்பர் பாலெடுக்க, பால்மரம் வெட்டப் போகவேண்டியதுதான்.

தேர்வில் பள்ளியின் புது ஆர்மோனியம். பழக்கதோஷத்தில் விரல் அந்தக் கட்டையைத் தாண்டியது, வாய் பாடியது.

"ஏம்மா, வாசிக்கச் சொன்னா பாடுற?" என்றார் தேர்வாளர்.

"அந்தக் கட்டை பேசாது சார்."

அவர் அழுத்தினார். கணீரென்று பேசியது.

தேறிவிட்டேன். கல்வி அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்த்தே ஓய்வுபெற்ற எனக்குத் தெரியும், அந்த மதிப்பெண் தாளில் பாட்டுக்குக் கட்டமே கிடையாது. என் ஒற்றைச் சுரத்தை அவர் எங்கே எழுதினார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.