முதல் தூக்கின கை

இண்டைக்கு மாநகரசபையில வரவு செலவுப் பாதீட்டுக் கூட்டம். நாங்க நடத்துற சிறுவர் நாடகத்துக்கு ஒதுக்கின காசை நிப்பாட்டச் சொல்லி ஒரு பிரேரணை வந்துது.

எங்களுக்காகப் பேசுறன் எண்டு நேற்றுச் சொன்ன உறுப்பினர் என்ட பழைய கூட்டாளி. சுனாமி முகாமில பேச்சை மறந்து கிடந்த பிள்ளைகளைச் சிரிக்கவைக்க, என்னோட சேர்ந்து கோமாளி வேஷம் போட்டவன்.

காசை நிப்பாட்டச் சொல்லி முதல் கை தூக்கினது அவன்தான்.

வெளியில அவனை மறிச்சு ஏனெண்டு கேட்டன்.

“சுனாமி, யுத்தம் எல்லாம் முடிஞ்சுது மச்சான். இனிச் சனத்துக்கு ரோட்டும் லைட்டும்தான் வேணும்.”

“முகாமிலயும் சோறு மட்டும் போதும் எண்டுதான் சொன்னாங்க. நாடகமும் வேணும் எண்டு அதிகாரியோட சண்டை பிடிச்சது நீதானேடா?”

அவன் வாகனத்தில ஏறிட்டான்.

அடுத்த மாசம் எங்கட நாடகத்துக்குப் பிரதம அதிதி அவன்தான். அழைப்பிதழும் அடிச்சாச்சு. என்ன செய்வம், சொல்லுங்க.