கேள்வித்தாள் கசிந்த செமஸ்டர்

காக்கநாடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் என் மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அன்று காலை பத்து மணிக்கு அவள் வகுப்புக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இன்டர்னல் தேர்வு. கேள்வித்தாள் தயாரித்தது நான். தாளில் எழுதிப் படமெடுத்த ஒரு பட்டியலை அவள் கைபேசியில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் கைபேசியை எட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. ஆனாலும் கண்ணில் பட்டுவிட்டது. எட்டுக் கேள்விகள். அவற்றில் நான்கு என்னுடையவை.

தோளைத் தொட்டேன். திரும்பினாள்.

"இது எங்கேருந்து வந்தது?"

"குரூப்ல வந்தது மிஸ். எல்லார்கிட்டயும் உண்டு."

"யார் போட்டது?"

"அறியில்ல மிஸ்," என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தேர்வை ரத்து செய்தார்கள். துறைத்தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, டீச்சரைத் தவிர வேறு யார் இந்தத் தாளைப் பார்த்தார்கள் என்று மலையாளத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் நான் சொன்ன பதிலை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் மறுதேர்வு, அதற்கும் நானே தாள் தயாரிக்க வேண்டும் என்றார். எனக்கு அவர் வைத்த பரீட்சை அது என்று வெளியே வந்த பிறகுதான் புரிந்தது.

அன்றிலிருந்து எல்லோர் மேலும் சந்தேகம். முதலில், என்னோடு ஒரே அறையில் உட்காரும் டீச்சர். பாலக்காட்டுக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். அலமாரிச் சாவி எங்கள் இருவரிடமும் இருந்தது. அவர் அதே பாடத்தை இன்னொரு பிரிவுக்கு நடத்தினார். தன் மாணவர்களுக்கு உதவ நினைத்திருக்கலாம் இல்லையா? அடுத்தது, மட்டாஞ்சேரியில் அரிசி மண்டிகளுக்குப் பின்னால் இருக்கும் ஜெராக்ஸ் கடை. வீட்டுப் பிரிண்டர் பழுதானதால் தாளை அங்கேதான் அச்செடுத்தேன்.

கடைக்குப் போனேன். "சேட்டா, நான் அனுப்பற ஃபைலையெல்லாம் அழிச்சிடுவீங்களா?"

அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "நோக்கிக்கோங்க டீச்சர். இங்க ஆதார் வருது, நிலப் பத்திரம் வருது, டாக்டர் எழுதினது வருது. ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

மறுதேர்வுக்கு மூன்று தாள்கள் தயாரித்தேன். ஒன்றை உறையில் போட்டு, மேலே 'மறுதேர்வு' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். இன்னொன்றை அதே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். இரண்டும் பொய்த்தாள்கள். ஒன்றில் உள்ள கேள்விகள் மற்றதில் இருக்காது. எந்தக் கேள்வி வெளியே வருகிறதோ அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. உண்மையான தாளை, ஐந்து கேள்விகளையும் கையால் எழுதி, மடித்து, என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு வாரமும் கைப்பை என்னைவிட்டுப் பிரியவில்லை.

மறுதேர்வுக்கு முந்தின நாள் வகுப்புப் பிரதிநிதி துறைத்தலைவருக்குப் புதிய பட்டியல் ஒன்றை அனுப்பினாள். அவர் அதை எனக்கு அனுப்பினார். பொய்த்தாள்களிலிருந்து ஒரு கேள்விகூட அதில் இல்லை. கைப்பையில் இருந்த ஐந்தும் இருந்தன.

அப்படியென்றால் வீட்டுக்குள்தான். வீட்டில் நானும் கணவரும் மட்டுமே. அவர் ஏலூரில் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறார். லிங்க்டு லிஸ்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. இருந்தும் அன்று மாலை அவர் குளிக்கப் போனபோது அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எடுத்த இடத்திலேயே வைத்தேன். அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

பிறகுதான் பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். கையெழுத்து. அதுவரை கேள்விகளைத்தான் படித்திருந்தேன், எழுத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் சீக்கிரமே கல்லூரிக்குப் போய், திருத்துவதற்காக மேஜையில் கிடந்த லேப் ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இருபதாவதோ என்னவோ, அதே கையெழுத்து. பஸ்ஸில் என் முன்னால் உட்கார்ந்திருந்தவள்.

கூப்பிட்டனுப்பினேன். மறுக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நாலு வருஷ பேப்பர் லைப்ரரில எடுத்தேன் மிஸ். மிஸ் கேள்வியை மாத்துவீங்க, டாபிக்கை மாத்த மாட்டீங்க. பின்னே…"

"பின்னே?"

"பரீட்சைக்கு வைக்கப்போற பாகம்னா மிஸ் போர்டை அழிக்காமப் போவீங்க. மத்த நாளெல்லாம் துடைச்சிட்டுத்தான் போவீங்க. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். அதுல இருக்கறதையே கேள்வியாக்கினேன்."

நான் நம்பவில்லை. யாரையோ காப்பாற்றச் சொல்லும் கதை என்றே நினைத்தேன். "நான் பாடம் எடுக்கற இன்னொரு கிளாஸுக்கு அடுத்த இன்டர்னல்ல என்ன கேக்கப்போறேன்? சொல்லு பார்க்கலாம்."

"அந்த கிளாஸ்ல நான் இல்லையே மிஸ். போர்டைப் பார்த்தாத்தானே தெரியும்?"

வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைப் படமெடுத்து வைக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். காலியான பலகை, காலியான பலகை, பிறகு விளிம்புவரை என் எழுத்து. நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒரு டிக். நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் சரியாக எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுப் போயிருப்பேன் போல. பொய்த்தாள் கேள்விகள் பட்டியலில் வராததற்கும் காரணம் விளங்கியது. வழக்கமாக நான் தொடாத பகுதிகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்தவை அவை.

"பஸ்ல ஏன் தெரியாதுன்னே?"

"மிஸ் கேட்ட கேள்வியில பயந்துட்டேன். எக்ஸாம் கேன்சல் ஆனப்புறம் சொல்ல தைரியம் வரல."

"அப்புறமும் ரெண்டாவது லிஸ்ட் போட்டியே."

"எல்லாரும் கேட்டாங்க மிஸ்," என்றாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நோட்டைத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். இப்படியும் நடக்கலாம் என்றார். அன்றைய மறுதேர்வுக்கு அவர் எதிரிலேயே உட்கார்ந்து புதுத் தாள் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறையிலிருந்து மூன்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு தாள் தயாரிப்பார்கள், அதில் எது என்பதைத் தானே முடிவு செய்வதாகச் சொன்னார். மாணவிக்கு ஒரு எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. என் பதிலைக் குறித்துக்கொண்ட அந்தக் காகிதம் ஃபைலிலேயே இருந்தது.

பாலக்காட்டு டீச்சரிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு நாள் அவரே கேட்டார். "அலமாரியில மறுதேர்வுன்னு ஒரு கவர் இருந்துச்சு. நடந்த தேர்வுல அதுல இருந்த எதுவும் வரலை. அது எனக்காக வச்சதுதானே?"

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

"உறையைப் பிரிச்சது தப்புதான். தேர்வு முடிஞ்சும் அங்கேயே கிடந்துச்சு, எந்தத் தாள்னு பார்க்கத்தான் பிரிச்சேன். நீங்க சந்தேகப்பட்டதுல எனக்கு வருத்தமில்ல டீச்சர். உங்க இடத்துல நான் இருந்தாலும் பட்டிருப்பேன். ஆனா அந்த ரெண்டு வாரமும் எப்பவும் போல என்கூட உக்காந்து சாயா குடிச்சீங்க."

அந்த மாதக் கடைசியில் அவர் மேல் மாடியில் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டார். தன்னிடமிருந்த அலமாரிச் சாவியை என்னிடம் தரவில்லை, ஆபீஸில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.