நட்ட முடியும் நேர்ந்த மொட்டையும்

லாசரஸ் என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது தாம்பரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில். எங்கள் சின்னம்மா மகள் அமலராணிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்தும் அழவில்லை என்று உள்ளேயிருந்து சேதி வந்தது. நாங்கள் எல்லாரும் ஜெபமாலையை எடுத்துவிட்டோம். பாதி சொல்வதற்குள் வீல் என்று ஒரு சத்தம். அவள் புருஷன் அந்தோணிசாமி எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் பேர் லாசரஸ்" என்றார். பைபிளில் செத்து நாலாம் நாள் உயிரோடு எழுந்து வந்தவர் பேர் அது. துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். தலை கொள்ளாத முடி. "பிறந்ததும் கிராப்பு வெட்டணும் போலிருக்கே" என்று தூக்கி வந்த நர்ஸம்மாகூடச் சிரித்தது.

அந்த முடிதான் முப்பது வயதுக்குள் அவனை விட்டுப் போனது.

லாசரஸுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. லேத்தில் கடைந்து வருகிற இரும்புச் சாமானை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது அவன் வேலை. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான். என் வீட்டுக்கு வந்தால், "பெரியம்மா, இட்லி மாவு ஏன் பொங்குது?" என்று குண்டானைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

முதலில் நெற்றி ஏறியது. அப்புறம் உச்சியில் வட்டமாகத் தெரிந்தது. ஹெல்மெட்டால் என்று ஒருத்தர், போர் தண்ணீரால் என்று ஒருத்தர், ராத்திரி ஷிப்டால் என்று ஒருத்தர் சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சிரித்தபடி இருந்தான். பல்லாவரத்தில் ஒரு பெண் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. பெண்ணின் அத்தை அவன் காதில் விழும்படியே, "மாப்பிள்ளைக்கு இது ரெண்டாங் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. அதற்கடுத்து வந்த இரண்டு இடமும் போட்டோவோடு நின்றுபோயின.

அமலராணி அழுதாள். இவன் அழவில்லை, விசாரிக்கக் கிளம்பினான்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் முதலில் போனான். "வீட்டில் யாருக்கெல்லாம் வழுக்கை?" என்று அவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதிலும் சீப்பு இறங்காது என்று இவன் சொல்ல, "அம்மா பக்கமும் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அமலராணி ஒரேயடியாகச் சொன்னாள்: "எங்க பக்கம் யாருக்கும் கிடையாது."

நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி, உங்கப்பன் முண்டாசுக்குள்ள இருந்தது என்ன?"

"அது வெயிலுக்குக் கட்டினது."

"மார்கழி மாசம் என்ன வெயில்? பூசையில முண்டாசை அவிழ்த்தா உரிச்ச தேங்காயாட்டம் இருக்கும். உங்கண்ணன் அருளப்பன் பெங்களூர் போனதே தொப்பி போட்டுக்கலாம்னுதான்."

"அக்கா, நீ இதையெல்லாமா ஞாபகம் வச்சிருப்பே!"

லாசரஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "தாத்தா, மாமா ரெண்டு பேருமா? அப்ப சரி. ஹெல்மெட் மேல பழி இல்ல."

அந்தோணிசாமி தன் முடியைக் கோதிவிட்டு, "என் பக்கம் சரக்கு சுத்தம்" என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் மீன் தலை கிடைக்கவில்லை.

டாக்டர் தேய்க்கிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். மினாக்சிடில் என்று பேர். கூட ஒரு மாத்திரையும் இருக்கிறது, அதைச் சொந்தமாக வாங்கித் தின்னக் கூடாது, ஒத்துக்கொள்ளுமா என்று தான் பார்த்துத்தான் தர முடியும் என்றார். லாசரஸ் வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கினான்: "பெரியம்மா, இருக்கிற முடியை இந்த மருந்து பிடிச்சு வைக்கும். மெலிஞ்சது கொஞ்சம் தடிக்கும். வழவழன்னு ஆன இடத்துல ஒண்ணும் முளைக்காது. நிறுத்தினா பழையபடி ஆயிடும்."

"அப்ப சாகிற வரைக்கும் தேய்க்கணுமா?"

"பல்லு தேய்க்கலையா?"

அது நியாயந்தான்.

அப்புறம் நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றித் தெளியவைத்து, அந்தத் தெளிவை மண்டையில் ஊசியால் குத்துகிற வைத்தியம் ஒன்று சொன்னான். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, திரும்பத் திரும்பப் போகவேண்டும். நடுவில் சிட்லபாக்கத்து உறவுக்காரி ஒருத்தி கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். தலையணை உறைதான் பச்சையானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். துளசிங்கத்துக்கு அதே கம்பெனியில் வெல்டிங் வேலை, மேற்கு தாம்பரத்து ஆள். சுருட்டை சுருட்டையாக நல்ல முடி. எங்களுக்கெல்லாம் காபி வந்தது. லாசரஸ், "அண்ணா, அம்மாவுக்குக் காட்டுங்க" என்றான்.

துளசிங்கம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியோரம் விரலை விட்டு டக் டக் என்று ஏதோ கழற்றினார். முடி மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

"சேசு மரி சூசையே!" என்று அமலராணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாதக்கா. இன்னா இப்ப, டோப்பாதான். பேட்ச்னு சொல்லுவாங்க. கிளிப்பு வச்சது. கோந்து போட்டு ஒட்றதும் கீது."

நான் வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் கொசுவலைபோல் ஒரு துணி, அதில் ஒவ்வொன்றாகக் கட்டிய நிஜ முடி. எந்த ஊர்ப் பெண்ணுடையதோ, யார் வேண்டுதலோ என்று நினைத்துக்கொண்டேன்.

"வெல்டிங் பக்கத்துல வேர்க்காதாப்பா?" என்று கேட்டேன்.

"வேர்க்காதா! மே மாசம் மண்டைக்குள்ள இட்லி வேவுது. வாங்கின கடைக்கே போயிப் போயி சுத்தம் பண்ணிக்கினு வரணும். ஆனா ஒண்ணுக்கா, காலைல மாட்டினா சாயங்காலம் வரைக்கும் ராஜா. தம்பி சொல்ற மாதிரி மாசக்கணக்கா காத்துகினு இருக்க வேணாம்."

"வீட்டுக்காரி என்ன சொல்றா?"

"கழட்டி ஆணியில மாட்டினா, பூனைன்னு நெனச்சு விரட்றா."

லாசரஸ் அதைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தான். "அண்ணா, உங்களுக்குச் சரி. எனக்கு எப்பவும் கை அங்கயே இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கடைசியில் முடி நடுகிற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனான். பின்மண்டை முடி லேசில் கொட்டாதாம். அங்கேயிருந்து வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் ஊன்றுவார்கள். எல்லாருக்கும் செய்ய முடியாது. பின்னால் சரக்கு இருக்கவேண்டும். இவனுக்கு முன்நெற்றிக்குப் போதும், உச்சிக்குப் போதாது என்று அங்கேயிருந்த டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மருந்தையும் நிறுத்தக்கூடாது என்றார். அங்கே போனவர்கள் நாலு பேரைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டுத்தான் இவன் தலையைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது நெற்றி வீங்கி, முன்மண்டை முழுக்கச் செவ்வெறும்பு ஊர்கிறதுபோல் இருந்தது. பிறகு வீக்கம் வடிந்து, பொருக்கு உதிர்ந்து, நட்ட முடி குத்திட்டு நின்றது. அமலராணி கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் அந்த முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், துண்டில், சட்டைக் காலரில் எல்லாம் கிடந்தது. கொஞ்ச நாளில் முன்மண்டை பழையபடி மொழுக்கென்று ஆகிவிட்டது.

நட்டது முதலில் கொட்டும், வேர் உள்ளே தங்கியிருக்கும், நாலைந்து மாதம் கழித்துப் புதிதாக முளைக்கும் என்று டாக்டர் அவனிடம் சொல்லித்தான் இருந்தார். இத்தனை விசாரித்தவன் அதை ஆத்தாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டான். அவளோ, பிள்ளை தலையை யாரோ கொத்தி வீணாக்கிவிட்டார்கள் என்று நினைத்து, வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, யாருக்கும் சொல்லாமல் ஒன்று நேர்ந்துகொண்டாள்.

முடி வந்தது. முதலில் பூனைமயிராக, பிறகு கோணல்மாணலாக, வருஷம் முடியப்போகிறபோது வாரிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. உச்சி வட்டம் அப்படியேதான், ஆனால் முன்னால் வாரினால் தெரியாது. குரோம்பேட்டையிலிருந்து ஜான்சியின் சம்பந்தம் வந்தது அப்போதுதான். அந்தப் பெண் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலை செய்தது. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. நட்டதைப் பற்றி இவன் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணியில் கொடியேறுகிற சமயம், அமலராணி மெல்ல ஆரம்பித்தாள். "லாசரசு, திருவிழாவுக்குப் போயிட்டு வந்துடலாம். உனக்கு மொட்டை நேர்ந்திருக்கேன்."

"எதுக்கு?"

"முடி வந்தா, அந்த முடியைத் தர்றேன்னு மாதாகிட்டச் சொன்னேன்."

அவன் முன்முடியைக் கையால் பொத்திக்கொண்டான். "ஏம்மா! முடி வேணும்னு கேட்டுட்டு முடியையே தர்றேன்னு யாராவது நேர்ந்துக்குவாங்களா?"

"வேற எதைக் குடுக்கிறது? பிரியமானதைத்தானே குடுக்கணும்."

"அது தானா வர்றதும்மா. கொட்டிட்டு வரும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு."

"எனக்குச் சொன்னாரா?"

இரண்டு பேரும் பங்குச் சாமியாரிடம் போனார்கள். நேர்த்தியை மாற்றிக்கொள்ளலாம், நாலு ஏழைகளுக்குச் சோறு போடுங்கள் என்றார். அமலராணி வெளியே வந்து, "அவருக்கே வழுக்கை. அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். "நீ போடலைன்னா விடு, நான் போட்டுக்கிறேன்" என்று கொண்டையை அவிழ்த்தும் விட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

முடி நட்ட டாக்டரிடம் ஓடினான். "நட்ட புதுசுல கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இப்ப வேர் பிடிச்சாச்சு. கத்தி வேர் வரைக்கும் போகாது. வளரும்" என்றார். ஆனாலும் இவனுக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மொட்டை அடித்தால் பின்மண்டையில் எடுத்த இடமெல்லாம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஜான்சி கேட்பாள்.

கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடு என்று நான்தான் சொன்னேன். குரோம்பேட்டையில் ஒரு ஜூஸ் கடையில் வைத்துச் சொன்னான். அங்கே நடந்ததை ஜான்சியே பிற்பாடு எனக்குச் சொன்னது. அது கோபப்படவில்லையாம், ஆனால் ஸ்ட்ராவைக் கீழே வைத்துவிட்டதாம்.

"பார்க்க வந்த அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"பல்லாவரத்து அத்தை ஞாபகம் வந்துடுச்சு."

"நான் அத்தை இல்லையே. சரி, சிரைச்சா வளருமா?"

"வளரும்னு டாக்டர் சொல்றாரு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வளரலைன்னா... நம்ம கல்யாணம்?"

"எனக்கும் தெரியாது. முடிக்காக இல்ல. மறைச்சீங்களே, அதுக்காக. நேர்ந்ததைக் குடுத்துட்டு வாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

நாங்கள் எல்லாரும் வேளாங்கண்ணி போனோம். மொட்டை போடுகிறவர் இவன் பின்மண்டையைப் பார்த்து, "என்ன தம்பி, அம்மை வார்த்ததா?" என்று கேட்டார். அமலராணி முந்திக்கொண்டு, "இல்லீங்க, அங்க பிடுங்கி இங்க நட்டது" என்றாள். அவர் கத்தியை நிறுத்திவிட்டு, முன்னால் ஒரு தரம் பின்னால் ஒரு தரம் பார்த்தார். முன்முடி மடியில் விழுந்தபோது லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டான். அமலராணி அதைப் பொறுக்கிக் காணிக்கையில் சேர்த்தாள். சந்தனம் பூசியதும், அமலராணியின் அப்பா, முண்டாசை அவிழ்த்த எங்கள் சித்தப்பாவே எழுந்து வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கம்பெனியில் இரும்பை அளக்கிற வெர்னியரைக் கொண்டுவந்து லாசரஸ் தலையை அளந்தான். பக்கவாட்டில் கறுப்புத் தட்டியது. முன்னால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் சாப்பாடு குறைந்தது. கடைசியில் அந்தோணிசாமிதான் உள்ளங்கையை அவன் நெற்றிக்கு மேலே வைத்துத் தேய்த்துப் பார்த்து, "சொரசொரங்குதுடா!" என்று கத்தினார். நான் தேய்த்தேன். அமலராணி தேய்த்தாள். உப்புத்தாள்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஜான்சி தனியாக வந்தது. யாரும் கூப்பிடவில்லை. "ஜன்னல் பக்கம் குனிங்க" என்றது. அவன் குனிந்தான். நட்ட இடம் எது, நடாத இடம் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னது. நட்டது எல்லாம் முளைத்திருந்தது. உச்சி வட்டம் அப்படியே வெறுமையாக இருந்தது.

"இங்க வராதா?"

"வராது. இருக்கிறதும் குறையலாம். மருந்து நிறுத்தக்கூடாது. எங்க தாத்தா, மாமா ரெண்டு பேருக்கும் வழுக்கை. நாளைக்குப் பிள்ளைங்களுக்கும் வரலாம்." கேட்காததையும் சேர்த்துச் சொன்னான்.

ஜான்சி பின்பக்கம் போய்ப் புள்ளிகளைப் பார்த்தது. "ஊசி போடத் தோதா இடம் குறிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தது. அப்புறம் அந்தோணிசாமியைப் பார்த்து, "மாமா, சாமியாரைப் பார்த்துக் கல்யாண ஓலை குடுத்துடுங்க" என்றது.

இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. கல்யாணத்தன்று அவன் தலை போலீஸ்காரன் தலைபோல ஒட்ட வெட்டியதாக இருந்தது. போட்டோவில் உச்சி வட்டம் நன்றாகவே தெரிகிறது.

லாசரஸ் இப்போது ஜான்சியோடு சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான், அதே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போய்வருகிறான்.