தலையில் மாட்டிய லைட்டும் சித்தேரி மலைக் கன்றும்

போன வருஷம் புரட்டாசி மாசம் நடந்தது இது. நான் அரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் என்னோடு மைதானத்தில் நடக்க வருகிற தோழி ஒருத்தி, பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் நடை ஓட்டமாகி, ஓட்டம் மலையேற்றமாகி, கடைசியில் ஒருநாள் அவள், "சித்தேரி மலையில எனக்குத் தெரிஞ்சவங்க வீடும் வெவசாயக் காடும் இருக்கு. டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம், வர்றியா?" என்று கேட்டாள். வீட்டில் கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

டென்ட் அவளிடமே இருந்தது. தலையில் மாட்டுகிற லைட் மட்டும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும். தருமபுரியில் ஒரு கடைக்குப் போனோம். எல்லாமே சார்ஜ் போடுகிற வகைதான். எது ரொம்ப தூரம் அடிக்கும் என்று பார்த்தாள் தோழி. எனக்குக் கழுத்துதான் கவலை. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவளுக்கு, கனமான லைட்டை மாட்டியதுமே நெற்றி இழுத்தது.

மாடிப்படிக்குக் கீழே கடைக்காரர் சாமான் போட்டு வைத்திருந்த இருட்டு அறையில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய், முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நூல் கோத்துப் பார்த்தேன். தோழி எடுத்த லைட்டில் ஊசி பளீரென்று மின்னியதே தவிர, அதன் காது தெரியவில்லை. இன்னொன்றை மாட்டினேன். எடை குறைவு. வெளிச்சம் பரவலாக விழுந்தது. தலையைக் குனியாமல் லைட்டை மட்டும் கீழே சாய்க்கலாம், கூட்டிக் குறைக்கலாம், மழைச் சாரலுக்கும் தாங்கும் என்றார் கடைக்காரர். செல்போன் சார்ஜரே அதற்கும் போதும். நூல் முதல் தடவையிலேயே ஏறிவிட்டது.

"மலை ஏறப் போறீங்களா, இல்ல பட்டன் கட்டப் போறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் அதையே வாங்கினேன். தோழி அந்தப் பெரிய வெளிச்சக்காரனை வாங்கிக்கொண்டாள்.

சித்தேரியில் அந்தக் காட்டுக்காரர்கள் ஒரு இளம் தம்பதி. வீட்டுக்குக் கொஞ்சம் மேலே, சமமான ஓர் இடத்தைக் காட்டினார்கள். டென்ட் அடித்து, அடுப்பு மூட்டி, டீ போட்டுக் குடித்தபோது உலகத்திலேயே எங்களைவிட நிம்மதியான ஆட்கள் இல்லை என்று தோன்றியது. பொழுது சாய்ந்ததும் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. கீழே வீட்டில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"அக்கா, லைட் இருந்தா எடுத்துக்கிட்டு செத்த வாங்கக்கா. மாடு கன்னு போட முடியாம நிக்குது."

இரண்டு பேரும் ஓடினோம். கொட்டகையில் செவலைப் பசு ஒன்று முக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அதுதான் முதல் ஈத்து. அந்த வீட்டில் இருந்த ஒரே மாடும் அதுதான். புருஷன் ஒரு கையால் மாட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு தவித்தார். வெளிச்சமும் அந்தப் போன்தான், மாட்டு டாக்டர் பேசிக்கொண்டிருந்ததும் அந்தப் போனில்தான். டாக்டர் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தார்.

"யாரும் இழுக்காதீங்க. ரெண்டு முன்னங்காலும் வந்திருக்கா, மொதல்ல அத பாருங்க," என்றது போன்.

தோழி தன் லைட்டைப் போட்டதும் மாடு மிரண்டு சுவரில் மோதியது. அவள் சட்டென்று அணைத்துவிட்டு, "டாக்டருக்கு வூடு தெரியாதில்ல, நான் ரோட்டுல போயி நிக்கறேன்," என்று மழையிலேயே கிளம்பிவிட்டாள்.

நான் என் லைட்டைக் குறைவாக வைத்துப் பக்கத்தில் போனேன். மாடு அசையவில்லை. ஆனால் மாடு முக்கும்போதெல்லாம் என் தலை தானாக அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டது. நான் பார்த்த பக்கம் வெளிச்சம், மாட்டுக்குப் பின்னால் அந்த வீட்டுப் பெண்ணின் கை இருந்த பக்கம் இருட்டு. "இதை நீயே மாட்டிக்கம்மா," என்று கழற்றி அவள் தலையில் மாட்டி, பட்டையைக் கொண்டைக்கு மேலே தள்ளி இறுக்கினேன். லைட்டைக் கீழே சாய்த்துவிட்டேன். பிறகு அவள் புருஷனோடு சேர்ந்து நானும் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு காலுதாங்க இருக்கு. இன்னொண்ணு உள்ள மடங்கியிருக்கு," என்றாள் அவள்.

கன்றை மெதுவாக உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையால் மூடி, மடங்கிய காலை முன்னால் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தாள். மாடு கத்தியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வந்துருச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் திறந்தேன். அதன்பின் டாக்டர் சொன்னபடி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்தாள். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அது அசையவே இல்லை. அவள் அதன் மூக்கை வழித்துவிட்டு, சாக்கால் விலாவைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். கன்று ஒரு தும்மல் போட்டது. அவள் புருஷன் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தோழி காட்டிய வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வந்து சேர்ந்தபோது, மாடு கன்றை நக்கிக்கொண்டிருந்தது. மாட்டைச் சோதித்து ஊசி போட்டார். "கிடேரி, பொட்டக் கன்னு. நல்லா இருக்குது," என்றார். தோழியின் லைட் இல்லாவிட்டால் முந்தின வளைவிலேயே வேறு பாதையில் திரும்பியிருப்பேன் என்றும் சொன்னார்.

காலையில் எங்களுக்குச் சீம்பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். லைட்டை நீயே வைத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் வாங்கவில்லை. "நீங்க மலை ஏறணுமில்லக்கா. இதே மாதிரி எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லுங்க," என்றாள். அடுத்த வாரமே வாங்கிவிட்டாள். பால் கறக்க, ராகிக் காட்டுக்குத் தண்ணீர் திருப்ப எல்லாவற்றுக்கும் அதுதானாம். அவள் சொல்லி அக்கம்பக்கத்துப் பெண்கள் எனக்குப் போன் போட்டு, எந்த லைட் வாங்கலாம் என்று கேட்கிறார்கள்.

நான் யாருக்கும் எடுத்த எடுப்பில் பதில் சொல்வதில்லை, அதைப் போட்டுக்கொண்டு உங்கள் கை என்ன வேலை செய்யப்போகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். கடையில் என் கண்ணையும் கழுத்தையும் மட்டும் நினைத்து வாங்கிய எனக்கே அந்தக் கேள்வி தோன்றியது, என் லைட் இன்னொருத்தி தலையில் எரிய, நான் இருட்டில் கயிற்றைப் பிடித்து நின்ற அந்த நேரத்தில்தான்.