பச்சைப் பொத்தான் வைத்த மேலங்கி

எங்கள் வீட்டுக்கு இலையுதிர்காலம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. கனடாவின் டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தோரம் ஒரு மேப்பிள் மரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் ஒரேயொரு மஞ்சள் இலையை அம்மா பலகணியிலிருந்து கண்டுவிட்டால் போதும். அன்று மாலையே அலுமாரியின் மேல்தட்டிலிருந்து குளிராடைப் பொதி இறங்கிவிடும். மறுநாள் காலையில் நான் உள்ளே ஒரு கையில்லாச் சட்டையும், அதன்மேல் பள்ளிச் சட்டையும், அதன்மேல் கழுத்துவரை பூட்டிய சிவப்புக் கம்பளிச் சட்டையுமாக, பூச்சி உருண்டை மணம் கமழ வகுப்பறைக்குள் நுழைவேன். என் வகுப்புத் தோழியரோ இன்னும் கோடையைக் கைவிடாதவர்களாய் முழங்கை தெரிய அமர்ந்திருப்பார்கள். நண்பகலில் எனக்கு முதுகு வழியே வியர்வை ஓடும். கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில கிழமைகளில் எதை உடுத்துவது என்பது ஒரு கலை என்பதை எங்கள் வீட்டில் ஒருவர் மட்டுமே உணர்ந்திருந்தார். அவர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. எங்களுடனேயே இருந்தார். கிழமை நாள்களில் விடியுமுன் ஆள்களை ஏற்ற வருகிற வான் வண்டியில் ஏறி, ஒஷாவாவில் வாகன உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைக்குப் போவார். அங்கே எண்ணெய்க் கறை படிந்த நீல உடையில் அவரைக் காண்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் மின்தூக்கியிலிருந்து இறங்கும் அந்த மனிதரும் இவரும் ஒருவரே என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். மடிப்புக் கலையாத சட்டை, மினுக்கிய சப்பாத்து, பக்கவாட்டில் வகிடு. வகிட்டுக்கு வேண்டிய மயிர் ஆண்டுதோறும் அருகிவந்தது என்பதை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; அவருக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

மாமாவின் உடைமைகளில் தலையாயது ஒரு மேலங்கி. முழங்காலுக்குக் கீழே தொங்கும், மண்ணிறக் கம்பளியாலான, அகன்ற கழுத்துப்பட்டி வைத்த நீண்ட மேலங்கி. பழைய உடுப்புகள் விற்கும் கடையொன்றில் கண்டெடுத்தது. தலையாயது என்றேனே தவிர, முழுவதும் அவருடையது அன்று. எங்களுக்குக் கீழ்த்தளத்து வீடொன்றில் மணமாகாத இளைஞர் சிலர் கூடி வாழ்ந்தனர். மாமாவும் அவர்களும் சேர்ந்தே அதை வாங்கியிருந்தார்கள். குளிருக்காக அன்று, படத்துக்காக. ஊரிலுள்ள பெண்வீட்டாருக்கு அனுப்பும் ஒளிப்படத்தில் மாப்பிள்ளை கனடாவில் இருப்பது பார்த்தவுடன் தெரியவேண்டும் என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். அதற்கு நல்லதொரு மேலங்கி வேண்டும். பின்னால் செக்கச் சிவந்த மேப்பிள் மரம் வேண்டும். மேலங்கி ஆண்டு முழுவதும் அலுமாரியில் தொங்கும். மரமோ ஆண்டில் சில நாள்களே சிவந்து நிற்கும். ஆகவே அந்த நாள்களில் மேலங்கிக்கு ஓய்வே இராது. ஒருவர் கழற்ற ஒருவர் அணிவார்.

நான் சொல்லவந்த ஆண்டில் மாமாவுக்குச் சாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பில் தங்கியிருந்தது. பெண்ணின் படம் முதலில் வந்துவிட்டது. அதை மாமா யாருக்கும் காட்டாமல் மதியச் சாப்பாட்டுப் பையின் பக்கவறைக்குள் வைத்திருந்தார். நாள்தோறும் ஒஷாவாவுக்குப் போய்த் திரும்பிய படத்தின் மூலை மடங்கிவிட்டதை நான் அறிவேன். இனி மாமாவின் படம் போகவேண்டும். முன்பு பேசிவந்த இடங்கள் படம் போனபிறகே தட்டிப்போயிருந்தன என்பதால், அந்த ஞாயிறு காலையில் அவர் தேர்வெழுதப் போகிற மாணவரைப் போல வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

திடீரென்று உள்ளேயிருந்து ஒரு கூக்குரல்.

“அக்கா! நடுத் தெறியைக் காணேல்லை!”

பொத்தானை எங்கள் வீட்டில் தெறி என்றே சொல்வோம். மேலங்கியின் நெஞ்சுக்கு நேரே இருக்கவேண்டிய பொத்தான் இல்லாமல் நூல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தினார்.

“தெறி இல்லாட்டி என்ன மச்சான்? நெஞ்சைத் திறந்துகொண்டு நில். வீரன் எண்டு நினைப்பினம்.”

“அத்தான், பகிடி விடாதேங்கோ. இந்தக் கிழமை விட்டால் இலையெல்லாம் கொட்டுண்டிடும்.”

எனக்கு அந்த நொடியில் ஒரு பேரறிவு தோன்றியது. பொத்தானில்லாத கம்பளிச் சட்டையை எந்தத் தாயும் பிள்ளைக்கு அணிவிக்கமாட்டாள்.

“என்ரை சிவத்தச் சுவெற்றரிலை பெரிய தெறி இருக்கு. வெட்டி எடுங்கோ,” என்றேன்.

என் தியாகத்தைக் கண்டு மாமா கண்கலங்காத குறை. அம்மாதான் தயங்கினார். “கோட்டு மண்ணிறம், தெறி பச்சை. பார்க்கிறவை என்ன நினைப்பினம்?”

“கொழும்பிலை இருந்து தெறியையோ அக்கா பார்க்கப்போகினம்? முதல் மரத்தைப் பார்ப்பினம், பேந்து கோட்டைப் பார்ப்பினம். நேரமிருந்தால் முகத்தைப் பார்ப்பினம்.”

பச்சைப் பொத்தான் மேலங்கிக்கு மாறியது. நாங்கள் பூங்காவுக்குப் புறப்பட்டோம். மரம் சிவந்து நின்றதேயன்றி, வானம் அதை அறிந்ததாகத் தெரியவில்லை. கோடை திரும்பிவந்ததைப் போல் வெயில் எறித்தது. கம்பளி மேலங்கிக்குள் வெந்துபோவோம் என்று அஞ்சிய மாமா, கீழே அரைக் காற்சட்டை மட்டும் அணிந்துவந்திருந்தார். மேலங்கியைப் பூட்டியதும் அதன் விளிம்புக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள் மட்டுமே தெரிந்தன. நாயோடு உலாவ வந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி மாமாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நாயை இழுத்துக்கொண்டு புல்வெளியின் மறுபக்கத்துக்கு விரைந்தார்.

“அத்தான், முழங்காலுக்கு மேலை மட்டும் எடுங்கோ!”

“நீ முதல் கையைப் பொக்கற்றுக்குள்ளை விடு. கோட்டுக் கை உனக்குக் கட்டை.”

மாமா நெடியவர். எந்த உடையின் கையும் அவர் மணிக்கட்டை எட்டியதில்லை. கைகளை மறைத்து, வியர்வையை ஒற்றி, தொலைவில் எதையோ எண்ணிக் கவலைப்படுபவர் போன்ற ஒரு பார்வையை வரவழைத்துக்கொண்டு அவர் நின்றார். அப்பா படம் எடுத்தார். வீடு திரும்பியதுமே மேலங்கி கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது. அங்கே கண்ணாடி அண்ணை என்று நாங்கள் அழைத்த இளைஞர் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்து நிகழ்ந்ததை மாமாவும் கண்ணாடி அண்ணையும் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். இருவருக்கும் வெவ்வேறு தரகர்கள். எந்தத் தரகர் எந்த வீட்டுக்குப் படத்தை எடுத்துச் செல்கிறார் என்பது கனடாவில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

இலைகளெல்லாம் உதிர்ந்து முடிந்த ஒரு ஞாயிறு காலையில் தொலைபேசி ஒலித்தது. அப்பா எரிபொருள் நிலையத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். மாமாவும் மேலதிக வேலைக்குப் போய்விட்டார். அம்மா கீழே சலவை அறையில். நான் எடுத்தேன்.

“ஹலோ, கனடாவோ? நாங்கள் கொழும்பிலை இருந்து, பொம்பிளை வீடு. அம்மா நிக்கிறாவோ?”

“அம்மா உடுப்புத் தோய்க்கப் போட்டா. நான் மகள்.”

“அப்ப நீங்களே சொல்லுங்கோ பிள்ளை. உங்கை மாப்பிளையளுக்கு அரசாங்கமோ கோட்டுக் குடுக்கிறது?”

எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். “ரெண்டு தரகர் ரெண்டு படம் கொண்டுவந்து தந்தவை. ஒரே மரம், ஒரே கோட்டு. நடுவிலை ஒரு பச்சைத் தெறி, அதுவும் ஒண்டுதான். முகம் மட்டும் வேறை.”

அரசாங்கம் புகழைத் தட்டிச்செல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“அரசாங்கம் இல்லை. மாமாவும் கீழ்வீட்டு அண்ணையாக்களும் சேர்ந்து வாங்கினது. தெறி மட்டும் என்ரை.”

மறுமுனையில் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. “அம்மா, இஞ்சை தாங்கோ,” என்று ஓர் இளங்குரல் தொலைபேசியை வாங்கிக்கொண்டது.

“பச்சைத் தெறி உங்கடையோ?”

“ஓம். என்ரை சுவெற்றரிலை இருந்தது.”

“அப்ப நீங்கள் இப்ப சுவெற்றரைப் பூட்டாமலோ போடுறியள்?”

“அம்மா தெறிக்குப் பதிலா ஊசி குத்தி விடுறா,” என்றேன் துயரத்தோடு. என் பேரறிவு தோற்ற இடம் அது. “எனக்கு அந்தச் சுவெற்றர் பிடிக்காது. மாமாவுக்கும் அண்டைக்குக் கோட்டுக்குள்ளை வேர்த்து ஒழுகினது. கீழை அரைக் காற்சட்டைதான் போட்டிருந்தவர். படத்திலை தெரியாது.”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கடல்கடந்த இணைப்பே அதிர்ந்தது. “எடியே, காசு ஓடுது!” என்று தாயார் பின்னாலிருந்து அதட்டினார். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பிறகு குரல் மாறியது.

“கோட்டு மற்றவையிட்டை நிக்கேக்கை மாமா குளிருக்கு என்ன போடுறவர்?”

“நீல ஜக்கெற். மெல்லிசு. தடிச்சது ஒண்டு இருந்தது, அதை அப்பாவுக்குக் குடுத்திட்டார். அப்பா வேலையிலை வெளியிலையெல்லோ நிக்கோணும்? மாமாவுக்குக் குளிராதாம்.”

“உண்மையாக் குளிராதோ?”

“வான் வருமட்டும் றோட்டிலை நிண்டு நடுங்குவார். நான் பலகணியிலை இருந்து பார்த்தனான்.”

இணைப்பு அறுந்துவிட்டதென்றே நினைத்தேன். “ஹலோ?” என்றேன்.

“நிக்கிறன், நிக்கிறன். மாமா நல்ல உயரமோ?”

“அப்பாவைவிட ஒரு தலை உயரம். கோட்டுக் கையும் அவருக்குக் கட்டை. அதுதான் படத்திலை பொக்கற்றுக்குள்ளை கையை விட்டவர்.”

“சரி பிள்ளை. நீங்கள் ஊசி குத்தியெண்டாலும் சுவெற்றரைப் போடுங்கோ, என்ன?”

அதுவரை அவரை என் பக்கத்தவராகவே கருதியிருந்த எனக்கு இறுதியில் ஏமாற்றமே மிஞ்சியது. அவரும் அம்மாவின் கட்சி.

அம்மா சலவைக் கூடையோடு வந்ததும் நடந்ததை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். அரைக் காற்சட்டை வரையில் வந்தபோது கூடை கீழே விழுந்தது.

“ஐயோ, அவன்ரை வாழ்க்கையையே குழப்பிப்போட்டியே பிள்ளை!”

மாலையில் மாமா வந்தார். கேட்டார். என்னை அவர் ஏசவில்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்து பக்கவறையைப் பார்த்தார்; திரும்ப மூடினார். சற்று நேரத்தில் கண்ணாடி அண்ணை மேலேறி வந்து வாசலிலேயே நின்றார். “அண்ணை, நான் விலகிறன். எனக்கு வேறை இடமும் பேசினம்,” என்றார். “நீ விலகி என்னடா? அங்கை இப்ப ரெண்டுபேரையும் சேர்த்துத்தான் சிரிப்பினம்,” என்றார் மாமா. அதன்பின் பல நாள் தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் அவர் எழுந்து பலகணிக்குப் போய்விடுவார். ஞாயிறு மாலைகளில் சப்பாத்து மினுக்குவதும் நின்றது.

முதற்பனி விழுந்த பிறகு தரகர் அழைத்தார். பெண்வீட்டார் மாமாவையே விரும்புகிறார்களாம். பெண் பிடிவாதமாக நிற்கிறாளாம்.

அதற்கான காரணத்தை ஆளுக்கொன்றாய்க் கண்டுபிடித்தார்கள். சாதகப் பொருத்தம் என்றார் அம்மா. படம் எடுத்த கைக்குக் கிடைத்த வெற்றி என்றார் அப்பா. மேலங்கியே காரணம் என்பதில் மாமாவுக்கு ஐயமிருக்கவில்லை. என் பொத்தானைப் பற்றி ஒருவரும் பேசாதது எனக்குப் பெருங்குறையாக இருந்தது.

கனடாவுக்கு வர அனுமதி கிடைத்து அந்தப் பெண் வந்துசேர மறுஆண்டு இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. தொடங்கிவிட்டது என்பது எங்கள் அம்மாவின் கணக்கு. மேப்பிள் மரத்தில் ஓர் இலைதான் பழுத்திருந்தது, வெயில் முன்போலவே காய்ந்தது. கீழ்வீட்டார் விட்டுக்கொடுத்த மேலங்கியை அணிந்து, இம்முறை முழுக் காற்சட்டையோடு, மாமா விமான நிலையத்தில் வியர்த்துக்கொண்டு நின்றார். அதைக் கழற்றச் சொன்ன அம்மாவிடம், “கோட்டைக் கழட்டினால் ஆளை அடையாளம் தெரியாதக்கா,” என்றார்.

பயணிகள் வெளியே வரத்தொடங்கினார்கள். மாமியாகப்போகிறவரும் வந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை. அதன்மேல் கையால் பின்னிய தடித்த சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை. அது அவருடைய முழங்காலை எட்டப் பார்த்தது. தோள்கள் சரிந்து தொங்கின. கைகளோ மடித்து மடித்து விட்டும் விரல்நுனிவரை வந்தன. அவர் முதலில் மேலங்கிக்குக் கீழே மாமாவின் கால்களைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்.

உடை பற்றித் தீர்ப்புச் சொல்லும் வயதை எட்டியிருந்த எனக்கு அவரைக் கண்டு இரக்கமே தோன்றியது. இவ்வளவு அழகான மாமிக்குத் தன்னுடைய அளவு தெரியவில்லையே, மாமா எப்படிச் சமாளிக்கப்போகிறாரோ என்று கவலைப்பட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மாமா அதே சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டுதான் வானுக்குக் காத்துநின்றார். பலகணியிலிருந்து பார்ப்பேன், நடுங்கமாட்டார். கைகள் மணிக்கட்டைத் தாண்டி, அளவெடுத்துப் பின்னியது போல் பொருந்தியிருந்தன. மாமிக்குப் பெரிதாய்ப் போன சட்டை, நல்லவேளை, வீணாகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.