கிணறு அளக்க வந்தவர்

கடலோரப் புளியங்கூடலில் எங்கள் கிணற்றுக்குள், தண்ணீர் மட்டத்தைப் பதியும் விரல் நீள உணர்கருவி ஒன்றை வயரில் கட்டித் தொங்கவிட்டவர் ஓர் ஆய்வுக்காரப் பெண். வெயிலில் கறுத்த முகம், அகலத் தொப்பி. கருவியை அவர் லேசில் நம்பமாட்டார். அளவுநாடாவில், கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைப் பூசிக் கிணற்றில் இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து, இரண்டு அளவும் ஒத்தால்தான் எழுதுவார்.

ஒரு மாதம் கழித்து வந்து, கருவி பதிந்ததை மடிக்கணினியில் காட்டினார். தண்ணீர் மட்டம் நாளுக்கு இரண்டு தரம் கொஞ்சம் ஏறி இறங்கியிருந்தது.

"மோட்டர் போட்டு இறைச்சும் வத்தேல்லை, பாத்தீரே பிள்ளை!" என்றேன் பெருமையாக. "இறைக்கிற கிணறு ஊறும் எண்டு சும்மாவே சொன்னவை?"

"ஊறும் அண்ணை. என்ன ஊறுது எண்டதுதான் பயம். நாளுக்கு ரெண்டு தரம் கடல் பெருகேக்க உங்கட கிணறும் ஏறுது. அடியில உப்புத் தண்ணி நிக்குது. இப்பிடி இறைச்சால் மேல வந்திடும்."

"வந்தால்?"

"திருப்ப ஏலாது."

 எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் குடிக்க அந்த ஒரு கிணறுதான்.

அவர் வாளியில் ஒரு வாய் அள்ளிக் குடித்து, கண்ணை மூடி நின்றார்.

"இன்னும் நல்லாத்தான் இருக்கு."

மோட்டரை அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஆனாலும் காலையில் முதல் மிடறை விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கிறேன். அவருடைய அந்த 'இன்னும்' என்னைவிட்டுப் போகவில்லை.