பம்ப்பை ஒளிக்கும் வீடுகள்

மெல்பேர்னுக்கு வந்த புதிதில், காலை ட்ராமில் ஒரு பெண் என்னைத் தலைகுனிய வைத்தாள். கதவோரம் நின்று தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவள், கைப்பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்தாள். குலுக்கினாள், வாயில் வைத்து அழுத்தினாள், கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்தாள், பைக்குள் போட்டாள், விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், யாரோ உடை மாற்றுவதைத் தவறிப்போய்ப் பார்த்துவிட்டவனைப் போல. இத்தனைக்கும் நான் இந்த நாட்டுக்கு வந்ததே ஆஸ்துமாவைப் பற்றி ஆராய்ச்சி செய்யத்தான்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இன்ஹேலருக்குப் பெயர் பம்ப். அது அம்மாவின் அலுமாரியில், சீலைகளுக்குப் பின்னால் இருந்தது. அப்பா புறக்கோட்டையில் செத்தல் மிளகாய்க் கிட்டங்கி ஒன்றில் மூட்டை இறக்குபவர். அவர் படியேறி வரும்போதே தங்கச்சிக்கு முட்டு, அதுதான் ஆஸ்துமா, இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் கீழே, எல்லாருக்கும் பொதுவான பைப்படியில் குளித்து, சேட்டை அங்கேயே கழற்றி அலசிப் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார். எழுத வாசிக்கத் தெரியாத மனிதர், மிளகாய்த் தூளுக்கும் மகளின் மூச்சுக்கும் உள்ள உறவை யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கிக்கொண்டார். பம்ப் விஷயத்தில் மட்டும் ஊர் சொன்னதையே கேட்டார். பம்ப் கடைசி மருந்தாம். ஒருக்கால் பழகினால் விடாதாம். பம்ப் அடிக்கிற பெட்டையை யாரும் எடுக்க மாட்டார்களாம்.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் எதைப் படிப்பது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, தோள் இரண்டையும் தூக்கித் தூக்கி மூச்சுக்கு அலைகிற தங்கச்சியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு என்ன கேள்வி இருக்க முடியும்? இன்று, மருந்தை ஒழுங்காக எடுத்தும் அடங்காத கடும் ஆஸ்துமாதான் என் ஆய்வு. நோயாளிகளின் சளியில் ஒரு வகை வெள்ளணுக்களைத் தேடுகிறேன். உடம்புக்குள் புகும் புழுக்களோடு சண்டைபோட வேண்டிய அணுக்கள் அவை. இவர்களுக்கோ, எதிரியே இல்லாத இடத்தில், சுவாசக்குழாயின் சுவரிலேயே சண்டையைத் தொடங்கிவிடுகின்றன. காப்பாற்ற வேண்டியவர்களே கழுத்தை நெரிப்பது எப்படி என்பதைப் பகல் முழுக்க நுணுக்குக்காட்டியில் பார்க்கிறேன்.

இங்கே என் தங்கச்சியைத் தர்ஷி என்று எழுதுகிறேன். அது அவளுடைய பெயர் இல்லை. இந்தக் கட்டுரையிலும் அவளை ஒளித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. என் கோபத்தில் அதுவும் சேர்த்தி.

போன வருடம் அவளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். அம்மா ஒருநாள் தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பற்றித்தான் கனக்க விசாரிச்சவை. அண்ணன் என்ன செய்யிறார் எண்டு கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அவுஸ்திரேலியாவிலை ரத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி எண்டு சொன்னனான்."

"ஏன் அம்மா, ஆஸ்துமா எண்டு சொன்னால் என்ன?"

"விசரே உனக்கு? அண்ணன் முட்டு வருத்தத்தைப் படிக்கிறான் எண்டால், ஏன் எண்டு கேட்க மாட்டினமே? வீட்டிலை ஆருக்கு இருக்கெண்டு துருவ மாட்டினமே?"

என் படிப்பைக் காட்டிச் சம்பந்தம் பேசுகிறார்கள். எதைப் படித்தேன் என்பதை மட்டும் சீலைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை தர்ஷியோடு வீடியோவில் கதைத்தபோது அவளுடைய தோள்களைத்தான் பார்த்தேன். வசனத்தின் நடுவில் தூக்கிக்கொண்டன. பம்ப் இரண்டு வகை. மண்ணிறத்தில் இருக்கும் கபிலப் பம்ப் சுகமாக இருக்கும்போதும் தினம் எடுக்க வேண்டியது, சுவாசக்குழாயின் உள்வீக்கத்தை ஆற்றுவது. நீலம் அந்த நேரத்து மூச்சுக்கு. கபிலத்தை விட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"வெள்ளவத்தைக் கடையிலை நான் கணக்கெழுதுற இடத்திலையே மாப்பிள்ளை வீட்டாரின்ரை சொந்தக்காரப் பொம்பிளை ஒராள் வேலை செய்யிறா. பையைத் திறந்தால் எட்டிப் பார்க்கிறா. நான் என்ன செய்ய?"

"அதுக்காக மருந்தை விடுறதே? இது விளையாட்டில்லை, தர்ஷி. உள்ளுக்குள்ளை வீங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் நீலமும் கேளாது."

"பெரிய டொக்டர் கதைக்கிறார். லெக்சரை உன்ரை எலியளுக்கு அடி, அண்ணா."

சிரித்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் மெல்லிய விசில் கேட்டது.

மறுநாள், எங்கள் கிளினிக்கின் தாதி ஹெலனிடம் வாய்விட்டுச் சொன்னேன். என் தங்கை மருந்தை நிறுத்திவிட்டாள் என்றேன். விலை கூடவா என்று கேட்டார். இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள் என்றேன். பக்கவிளைவா? இல்லை. பிறகு ஏன்? அவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்றேன். ஹெலன் முகமெல்லாம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். நன்றி என்றேன். எங்கள் ஆய்வில் சேர்க்கும் முன் கேட்கும் முதல் கேள்வி, மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா என்பது. இல்லை என்றவர்களை விலக்கிவிடுவோம். தர்ஷி வந்திருந்தால் அவளையும் நான்தான் விலக்கியிருப்பேன். 'ஒழுங்காக மருந்து எடுக்காதவர்' என்ற அந்த வசனத்துக்குள் என் அம்மா இல்லை, எட்டிப் பார்க்கிற பொம்பிளை இல்லை, எங்கள் சனம் ஒன்றுமே இல்லை. அவள் ஒருத்தியின் சோம்பல் மட்டும்தான் இருக்கிறது.

கலியாணம் வெள்ளவத்தையில், குளிரூட்டிய ஒரு மண்டபத்தில். கதவு யன்னல் எல்லாம் இறுக்கப் பூட்டு, உள்ளே ஹோமம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைக்குத் தோழன், மாப்பிள்ளையின் சகோதரி பெண்ணுக்குத் தோழி. ஆகவே நான் மாப்பிள்ளையின் பக்கத்தில். யாருக்குத் தெரியக்கூடாதோ அவர்கள் வீட்டுப் பெண் தர்ஷியின் பக்கத்தில். நீலப் பம்ப்பை என் வேட்டி மடியில் செருகியிருந்தேன்.

ஐயர் நெய்யை ஊற்ற ஊற்றப் புகை மணவறைக்குள்ளேயே சுற்றியது. தர்ஷி குனிந்திருந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே இழுபட்டது. எனக்குப் பின்னால் இருந்த ஒரு மாமி, "பாவம், பொம்பிளை அழுகிறாள்" என்றார். "தாய் தேப்பனை விட்டுப் போறதெண்டால் சும்மாவே?" என்றார் இன்னொருவர். வீடியோக்காரர் விளக்கைக் கொண்டுபோய் அவள் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். தோழிகூட, "அழாதேங்கோ அண்ணி, மேக்கப் போயிடும்" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கிறாள், ஒரு மண்டபம் முழுக்க அதைப் பண்பாடு என்று ரசித்துக்கொண்டிருக்கிறது. எழும்பி நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினேன், உள்ளங்கைக்குள் பம்ப். தர்ஷி கண்டாள். மருதாணிக் கையால் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"என்ன மச்சான்?" என்று மாப்பிள்ளை திரும்பினார். நல்ல பொடியன், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். சொல்ல வாய் திறந்தேன். தர்ஷி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"ஒண்டுமில்லை. கண் துடைக்க லேஞ்சி குடுக்கப் பார்த்தன்," என்றேன்.

கூறைச் சீலை மாற்ற அவளை அறைக்குக் கூட்டிப்போனபோது நானும் பின்னால் ஓடினேன். அறை நிறையப் பெண்கள். தர்ஷி குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டாளாம். உள்ளே பைப் பெரிய சத்தமாகத் திறந்திருந்தது. வெளியே வந்தபோது, மூச்சடைத்து நீலம் பாய்ந்திருந்த உதடு கொஞ்சம் தெளிந்திருந்தது. அவளும் ஒரு பம்ப் கொண்டுவந்திருக்கிறாள். சரி செய்வதுபோல் என் சால்வையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்: "நீ அடுத்த கிழமை பிளேன் ஏறிடுவாய், அண்ணா. இவையோடை இருக்கப்போறது நான்."

தாலி ஏறியது. எல்லாரும் அரிசி தூவினோம். அம்மா சந்தோஷத்தில் அழுதார். அவர் மீதும் கோபம்தான். ஆனால் அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருப்பவர்கள் மீது இன்னும் கோபம். இதை வாசிக்கிற உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண் பார்க்கப் போகும் வீட்டில் சீலைகளுக்குப் பின்னால் எதை ஒளிக்க வைக்கிறீர்கள் என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறீர்களா? அந்த முட்டு வருத்தத்துக்கு மருந்து உண்டு. எடுத்தால் ஓடலாம், பிள்ளை பெறலாம், நூறு பேருக்குச் சமைத்துப் போடலாம். உங்கள் வெட்கத்துக்கு மருந்து கண்டுபிடிக்க எந்த ஆய்வுகூடத்தில் போய் நிற்பேன்?

இப்போது தர்ஷி கல்கிசையில், மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறாள். நான் ட்ராமில் வேலைக்குப் போகும் நேரத்தில், அங்கே வீடு எழும்பு முன், அவள் தொலைபேசியில் அழைப்பாள். மாமி நல்லவ என்கிறாள், அவர் தங்கமாம், காலிவீதி இரைச்சல்தான் தாங்க முடியவில்லையாம். வசனங்கள் கட்டையாகிக்கொண்டே வரும். பிறகு, "ஒரு நிமிசம், அண்ணா" என்பாள். கதவு பூட்டும் சத்தம். பைப் திறக்கும் சத்தம். எனக்கு முன்னால், கதவோரத்தில், யாரென்றே தெரியாத ஒரு பெண் கைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து எல்லார் முன்னாலும் குலுக்குவாள். இப்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்புவதில்லை. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கல்கிசையில் அந்தத் தண்ணீர் நிற்கும்வரை, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.